ஃபெர்மின் முகுருசா: பாட்டுக்குக் கொடுத்த விலை

1985 ஜூலை 7. பாம்ப்லோனாவில் புனித ஃபெர்மின் திருவிழா நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் தள்ளி, டொனோஸ்டியா நகரின் ஓரத்திலிருந்த மார்ட்டுட்டெனே சிறையில் அன்று கைதிகளுக்காக ஒரு கச்சேரி. பாடியவர் இமானோல் லார்சாபால். ஸ்பானிய சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் சிறையையும், பிறகு பாரிஸில் புலம்பெயர் வாழ்வையும் பார்த்துத் திரும்பியவர், கனத்த குரல்காரர். கச்சேரி முடிந்து ஒலிக்கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வெளியே போனார்கள். பிறகு கைதிகளை எண்ணிப் பார்த்தபோது இரண்டு பேர் குறைந்தார்கள். ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குள் ஒடுங்கி உட்கார்ந்து அவர்கள் சிறைவாசலைக் கடந்திருந்தார்கள். ஒருவர் இன்யாக்கி பிகாபேயா. மற்றவர் கவிஞர் யோசெபா சாரியோனாந்தியா. இருவரும், பாஸ்க் விடுதலைக்காக ஆயுதமேந்திய எட்டா இயக்கத்தவர்கள். தன் கச்சேரி எதற்குப் பயன்பட்டது என்பது பாடிய இமானோலுக்குத் தெரியாது.

அதே ஆண்டு, பிரான்ஸ் எல்லையோரத்து இருன் நகரின் இளைஞர் குழு ஒன்று தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. குழுவின் பெயர் கோர்ட்டாட்டு. ஜமைக்காவின் டூட்ஸ் அண்ட் த மேட்டல்ஸ் குழு பாடிய ஒரு பாடலின் மெட்டை எடுத்து, அதில் சிறையுடைத்த கவிஞனின் கதையை ஏற்றியிருந்தார்கள். பாடலின் பெயர் ‘சாரி, சாரி’. துள்ளலான ஸ்கா தாளம், கூடிப் பாடத் தோதான பல்லவி. இத்தனை ஆண்டுகள் கழித்தும் பாஸ்க் ஊர்த் திருவிழாக்களில் அதைப் போட்டதும் தாத்தா முதல் பேரன் வரை ஆடுகிறார்கள். அதைப் பாடிய ஃபெர்மின் முகுருசாவுக்கு அப்போது 22 வயது.

அரசியல் பாடகர்களைப் பற்றி எழுதும்போது நாம் பெரும்பாலும் வரிகளைத்தான் பார்க்கிறோம். யாரை எதிர்த்தார், யாருக்காகப் பாடினார் என்று பட்டியல் போடுகிறோம். எனக்கு வேறொரு கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. அந்தப் பாட்டுக்கு விலை கொடுத்தது யார்? பாடியவரா, கேட்டவர்களா, அல்லது அதில் பெயரே வராத மூன்றாவது ஒருவரா? முகுருசாவின் நாற்பதாண்டு இசைவாழ்வை இந்தக் கேள்வியோடு பார்த்தால் அவர் இன்னும் பெரியவராகத் தெரிகிறார். அவரை முழு மனதோடு கொண்டாட முடியாத இடங்களும் அப்போதுதான் தெரிகின்றன. இரண்டையும் சொல்லிவிட வேண்டும்.

இருன் ஓர் எல்லை ஊர். பிதாசோவா ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஸ்பெயின், அந்தப் பக்கம் பிரான்ஸ். இரு கரைகளிலும் பாஸ்க் மக்கள். தண்டவாளத்தின் அகலம்கூட அங்கே மாறுகிறது என்பதால் ரயில் பயணிகள் இறங்கி வேறு வண்டி ஏறியாக வேண்டும். 1936இல் உள்நாட்டுப் போரின் முதல் சில வாரங்களிலேயே ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. முகுருசா அங்கே 1963இல் பிறந்தார், தம்பி இன்யிகோ அடுத்த ஆண்டு. ஃபிராங்கோ செத்தபோது அண்ணனுக்கு 12 வயது. ஆகவே அவர்களுடைய தலைமுறைக்குச் சர்வாதிகாரம் சிறுவயது நினைவு. வாலிபத்தில் அவர்கள் நேரடியாக அனுபவித்தது, ஜனநாயகம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தின் கசப்பை.

அந்தக் கசப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லாமல் இந்த இசை புரியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் பாஸ்க் நாட்டின் உலைகளும் கப்பல் பட்டறைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சோஷலிஸ்ட் அரசு அதற்குத் தொழில் மறுசீரமைப்பு என்று பெயர் வைத்தது. 1984இல் பில்பாவோவின் எவுஸ்கால்துனா கப்பல் கட்டும் தளத்தைக் காப்பாற்றத் தொழிலாளர்கள் காவல்துறையோடு வாரக்கணக்கில் மோதினார்கள். இளைஞர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வேலை இல்லை. ஹெராயின் தெருத்தெருவாக இறங்கியிருந்தது. எட்டா ஒரு பக்கம் கொன்றுகொண்டிருந்தது. மறுபக்கம், ஸ்பானிய உள்துறையின் பணத்தில் இயங்கிய ஜிஏஎல் என்ற கொலைப்படை 1983 முதல் 1987 வரை 27 பேரைக் கொன்றது. இந்தச் சூழலில்தான் காலியான கட்டடங்களைப் பிடித்து இளைஞர்கள் ‘காஸ்டெட்சே’ எனப்படும் இளைஞர் இல்லங்களை நடத்தினார்கள், உரிமம் இல்லாத வானொலிகளைத் தொடங்கினார்கள், கிதாரைச் சரியாகப் பிடிக்கத் தெரியுமுன்பே குழு ஆரம்பித்தார்கள். லா பொய்யா ரெக்கார்ட்ஸ், எஸ்கோர்புட்டோ, எர்ட்சைனாக், சிக்காட்ரிஸ், பாரிக்காதா என்று குழுக்கள் முளைத்தன. பத்திரிகைகள் இவற்றுக்குப் பாஸ்க் தீவிர ராக் என்று பெயர் கொடுத்தன. பல குழுக்களுக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை.

இவர்கள் அனைவரும் ஒரே அரசியலோடு இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1985இல் எட்டாவுக்கு நெருக்கமான எர்ரி பதாசுனா கட்சி, கொண்டாட்டமும் போராட்டமும் என்ற முழக்கத்தோடு ராக் குழுக்களை மேடையேற்றியது. கோர்ட்டாட்டு போனது. எஸ்கோர்புட்டோ ஒதுங்கி நின்று வசை பாடியது. சாந்துர்சி துறைமுகத்து எஸ்கோர்புட்டோக்காரர்கள் 1983இல் மாட்ரிடில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டிருந்தார்கள். அப்போது கைதிகளுக்காகக் குரல் கொடுக்கும் தோழர்கள் தங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்பது அவர்களது மனக்குறை. அந்தக் குழுவை நிறுவிய இருவரும் 1992இல் சில மாத இடைவெளியில் இறந்துபோனார்கள். சிக்காட்ரிஸ் குழுவின் உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். ஹெராயினும் எய்ட்ஸும் அந்தத் தலைமுறையின் பாடகர்களை வாரிக்கொண்டு போயின. முகுருசா பிழைத்தவர். அவருடைய இடைவிடாத உழைப்பில் தப்பிப் பிழைத்தவனுக்கே உரிய ஓர் அவசரம் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

1981இல் டொனோஸ்டியாவின் சைக்கிள் பந்தய அரங்கில் தி கிளாஷ் குழு பாட வந்தது. அந்த இரவுதான் தன் வாழ்க்கையைத் திருப்பியது என்று முகுருசா பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். கோபத்தைக் கத்தித் தீர்க்கும் பங்க் இசை, ஜமைக்காவின் ரெகேயையும் ஸ்காவையும் உள்ளே விடலாம் என்பதை அவர் கிளாஷிடம் கற்றார். கத்தலில் இருப்பது ஒருவனுடைய ஆத்திரம். ரெகே உள்ளே வந்ததும் அந்த ஆத்திரத்துக்கு இடுப்பும் காலும் கிடைக்கின்றன, கூட்டம் சேர்கிறது. 1984இல் தம்பி இன்யிகோவோடும் தாளக்காரர் ட்ரெக்கு அர்மெந்தாரிஸோடும் சேர்ந்து கோர்ட்டாட்டுவைத் தொடங்கியபோது இந்தப் பாடம் முதல் தட்டிலேயே கேட்டது.

இனி மொழி. முகுருசாவின் அரசியலில் ஆழமானது அவர் எழுப்பிய முழக்கங்களைவிட அவர் செய்த மொழித் தேர்வுதான் என்று நினைக்கிறேன். அவர் பாஸ்க் மொழியை வீட்டில் கேட்டு வளர்ந்தவர் அல்லர். வளர்ந்தபின் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். அவரைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் அன்று மாலை வகுப்புகளில் கற்றார்கள். ஃபிராங்கோ காலத்தில் பள்ளியிலும் அலுவலகத்திலும் விரட்டப்பட்ட மொழி அது. வேறெந்த மொழிக் குடும்பத்தோடும் உறவு நிறுவப்படாதது. எழுத்துக்கான பொதுத்தரம் 1968இல் அரந்தசாசுவில் கூடிய அறிஞர்கள் வகுத்துக் கொடுத்தது. பேசுகிறவர்கள் இன்றும் ஏழெட்டு லட்சம்தான். கோர்ட்டாட்டுவின் முதல் தட்டில் பெரும்பாலான பாடல்கள் ஸ்பானிய மொழியில் இருந்தன. ஸ்பெயின் முழுக்க அவர்களுக்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள். அந்த நேரத்தில், 1988இல், ‘கொல்பெஸ் கொல்பெ’ இசைத்தட்டை முழுக்க முழுக்கப் பாஸ்க் மொழியில் கொண்டுவந்தார்கள். பார்சலோனாவிலும் மாட்ரிடிலும் கூடவே பாடிக்கொண்டிருந்த ரசிகன் இனி ஒரு சொல்லும் புரியாமல் நிற்பான் என்று தெரிந்தே செய்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பாம்ப்லோனாவில் கடைசிக் கச்சேரி நடத்திக் குழுவையும் கலைத்தார்கள். அந்தப் பதிவு ‘அஸ்கென் குதா தான்ட்சா’ என்ற பெயரில் வெளியானது. உச்சத்தில் இருக்கும்போது மொழியை மாற்றுவதும் குழுவைக் கலைப்பதும் வணிகக் கணக்கில் தற்கொலை. இது அவர் தன் கையிலிருந்து கொடுத்த முதல் விலை.

சிறிய மொழிக்குள் போனவர் சுருங்கிப்போவார் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. 1990இல் முகுருசா சகோதரர்களும் கிதார் கலைஞர் காக்கி அர்காராசோவும் நெகு கொரியாக் குழுவாக வந்தார்கள். கோர்ட்டாட்டு கிளாஷின் பிள்ளை என்றால் இது பப்ளிக் எனிமி குழுவின் பிள்ளை. ராப், கனத்த கிதார், மாதிரி ஒலிகள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. முதல் தட்டிலேயே ஸ்பைக் லீயின் படத்தில் போலீஸ்காரர் கையில் சாகும் ரேடியோ ரஹீமுக்கு ஒரு பாட்டு. ஜேம்ஸ் பிரவுன் 1968இல் கறுப்பின மக்களுக்குத் தந்த அறைகூவலிலிருந்து இன்னொரு பாட்டின் தலைப்பு, ‘எசான் ஒசென்கி’. உரக்கச் சொல் என்று பொருள். நியூயார்க்கின் கறுப்பின இளைஞனும் இருன் நகரத்து இளைஞனும் ஒன்று என்று அவர்கள் சொல்லவில்லை. அவனிடமிருந்து கற்றுக்கொள்ளலாம் என்றார்கள். இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அடுத்தவருடைய துயரத்தைத் தன் துயரத்துக்கு உவமையாகப் பயன்படுத்துவது எளிது. முகுருசா தன் நல்ல தருணங்களில் அதைச் செய்வதில்லை. முதலில் காதைக் கொடுக்கிறார்.

நெகு கொரியாக்கின் முதல் மேடை எது தெரியுமா? 1990 டிசம்பர் 29 அன்று, லா மஞ்சாவின் சமவெளியிலிருந்த எர்ரேரா தெ லா மஞ்சா சிறைக்கு வெளியே. பாஸ்க் நாட்டிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம். எட்டா கைதிகளை வைத்திருந்த உயர் பாதுகாப்புச் சிறை அது. ஆண்டுக் கடைசியில் குடும்பங்களும் ஆதரவாளர்களும் பேருந்துகளில் அங்கே போய்க் குரல் கொடுப்பது வழக்கம். அந்தக் கூட்டத்தின் முன்னால், சிறை மதிலைப் பார்த்து, கடுங்குளிரில் அவர்கள் பாடினார்கள். கைதிகளை ஒரே இடத்தில் வைக்காமல் நாடெங்கும் சிதறடிக்கும் கொள்கை 1989இல்தான் தொடங்கியிருந்தது. பெற்றோர்கள் அரை மணி நேரச் சந்திப்புக்காக வார இறுதிகளில் நாட்டின் மறுகோடிக்கு ஓடினார்கள், சிலர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். கைதியின் குற்றத்துக்குத் தாய்க்குத் தண்டனை கொடுப்பதை எதிர்க்க ஒருவர் எட்டாவை ஆதரித்தாக வேண்டியதில்லை. அந்தக் கச்சேரியை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அங்கே போனவர்களில் எட்டாவை ஆதரித்தவர்களும் நிறைய இருந்தார்கள் என்பதும் உண்மை.

1991இல் வந்த ‘குரே யர்ரேரா’ இசைத்தட்டில் ‘உஸ்தெல்கேரியா’ என்றொரு பாட்டு. டொனோஸ்டியாவின் இன்சாவுர்ரோந்தோ என்ற இடத்தில் சிவில் கார்டு என்ற ஸ்பானியக் காவல் படையின் பெரும் முகாம் இருந்தது. அதன் தலைவர் என்ரிக்கே ரொத்ரிகெஸ் கலிந்தோ. அந்த முகாமைச் சேர்ந்தவர்களுக்குப் போதைப்பொருள் கடத்தலில் தொடர்பு இருக்கலாம் என்று ஓர் அரசு வழக்கறிஞர் தயாரித்த அறிக்கை பத்திரிகைகளில் வெளியாகியிருந்தது. பாட்டு அதைத் தொட்டது. கலிந்தோ மானநஷ்ட வழக்குப் போட்டார். குழு 1.5 கோடி பெசெட்டா தர வேண்டும் என்று தீர்ப்பானது. ஒரு சுயேச்சைக் குழுவுக்கு அது கழுத்தை நெரிக்கும் தொகை.

கலிந்தோ யார் என்பது பிறகு உலகுக்கே தெரிந்தது. 1983 அக்டோபரில் லாசா, சபாலா என்ற இரண்டு பாஸ்க் அகதி இளைஞர்கள் பிரான்ஸின் பயோன் நகரில் கடத்தப்பட்டார்கள். டொனோஸ்டியாவில் ஒரு மாளிகையில் வைத்துச் சித்திரவதை செய்து, நாட்டின் மறுகோடியான அலிகாந்தே வட்டாரத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுச் சுண்ணாம்புக் குழியில் புதைத்தார்கள். 1985இல் எலும்புகள் கிடைத்தன. அவை யாருடையவை என்று கண்டுபிடிக்க 1995 வரை ஆனது. 2000இல், அந்தக் கடத்தலுக்கும் கொலைக்கும் அப்போது ஜெனரலாக உயர்ந்திருந்த கலிந்தோவுக்கு 71 ஆண்டுச் சிறை விதித்தார்கள். நெகு கொரியாக்குக்கு எதிரான தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் அதே ஆண்டுதான். குழு 1996இலேயே கலைந்திருந்தது. வெற்றியைக் கொண்டாட 2001 ஜனவரியில் பயோனிலும் டொனோஸ்டியாவிலும் மட்டும் மீண்டும் மேடையேறினார்கள். லாசாவும் சபாலாவும் கடத்தப்பட்ட ஊர் பயோன். கலிந்தோ உடல்நலக் காரணம் காட்டி 2004இல் சிறையிலிருந்து வெளியே வந்தார், 2021இல் கொரோனா தொற்றில் இறந்தார். பாடகர்கள் ஒரு பாட்டுக்காக நீதிமன்ற வாசலில் கழித்த ஆண்டுகள், அந்தக் கொலைகாரர் சிறைக்குள் கழித்த ஆண்டுகளைவிடக் குறைவில்லை.

இதெல்லாம் முகுருசா தன் பையிலிருந்து கொடுத்த விலை. இப்போது, அவர் கொடுக்காத விலையைப் பற்றி.

மார்ட்டுட்டெனே சிறையில் பாடிய இமானோல் என்ன ஆனார்? 1986 செப்டம்பர் 10 அன்று ஒர்டீசியா ஊர்த் திருவிழாவில், எட்டாவின் முன்னாள் தலைவர்களில் ஒருவரான யோயெஸ் என்ற தொலோரெஸ் கொன்சாலெஸ் கதரைனை எட்டாவே சுட்டுக் கொன்றது. அவர் இயக்கத்தை விட்டு விலகி, மெக்சிகோவில் படித்து, அமைதியாக வாழலாம் என்று ஊர் திரும்பியவர். கூடவே அவருடைய சின்னஞ்சிறு மகன் இருந்தான். இமானோல் அந்தக் கொலையைக் கண்டித்தார், யோயெஸின் நினைவுக்காகப் பாடினார். இளமையில் தானும் எட்டாவில் இருந்து சிறை போனவர் அப்படிச் செய்ததை ஆதரவாளர்கள் மன்னிக்கவில்லை. சுவர்களில் அவர் பெயரை எழுதி மிரட்டினார்கள். அவர் காரை நாசமாக்கினார்கள். ஊர்த் திருவிழாக்களிலும் நகராட்சி விழாக்களிலும் பாட அழைப்பது நின்றது. பாஸ்க் மொழியில் பாடும் ஒருவனுக்கு அந்த மேடைகளை விட்டால் வேறென்ன இருக்கிறது? நண்பர்கள் அவருக்காக அச்சத்துக்கு எதிராகக் கச்சேரி நடத்தினார்கள். நிலைமை மாறவில்லை. 2000 வாக்கில் அவர் பாஸ்க் நாட்டை விட்டே போனார். 2004இல் சொந்த மண்ணிலிருந்து வெகு தொலைவில், மத்தியதரைக் கடலோர அலிகாந்தே வட்டாரத்தில் இறந்தார். வயது ஐம்பத்தாறு.

இதற்கு முகுருசா பொறுப்பல்லர். அவரை அப்படிக் குற்றம்சாட்டுவது அநியாயம். ஆனால் ஒரே சிறையுடைப்பு ஒரு பாடகருக்கு எல்லாத் திருவிழாக்களிலும் ஒலிக்கும் பாட்டைக் கொடுத்தது. அதற்குத் தன்னையறியாமல் மேடை அமைத்துக் கொடுத்த இன்னொரு பாடகருக்கு அந்தத் திருவிழா மேடைகளே இல்லாமல் போயின. ‘சாரி, சாரி’யைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இமானோல் நினைவுக்கு வருகிறார். பாட்டின் சந்தோஷம் பொய் இல்லை. கவிஞன் ஒருவன் இரும்புக் கதவுகளை ஏமாற்றி வெளியேறினான் என்பதில் யாருக்கும் ஒரு சிரிப்பு வரும். ஆனால் அவர்களை வெளியே கொண்டுபோன வண்டியில் இருந்தவர்களில் ஒருவரான மிகெல் அல்பிசு பின்னாளில் எட்டாவின் தலைமைக்கே வந்தார். அதே எட்டா 1987இல் பார்சலோனாவின் இப்பெர்கோர் அங்காடியில் குண்டு வைத்து 21 பேரைக் கொன்றது. 1997இல் எர்முவா நகராட்சி உறுப்பினரான இளைஞர் மிகெல் ஆங்கெல் பிளாங்கோவைக் கடத்தி, கெடு வைத்து, கொன்றது. தன் வரலாற்றில் 800க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இன்சாவுர்ரோந்தோவின் அழுகலை அவ்வளவு கூர்மையாகப் பார்த்த கண், இந்தச் சாவுகளின் பக்கம் அதே கூர்மையோடு திரும்பியதை நான் கேட்ட கோர்ட்டாட்டு, நெகு கொரியாக் பாடல்களில் காணவில்லை. அதை ஒரு குறையாகவே நினைக்கிறேன். அரசின் சித்திரவதை உண்மை. அதைப் பாடியவர்கள் மிகக் குறைவு, ஆகவே பாடியாக வேண்டியிருந்தது. இந்த வாதத்தை மதிக்கிறேன். ஆனாலும் தன் பக்கத்தவர்களிடம் சொல்ல வேண்டிய கடினமான சொல்லை இமானோல்தான் சொன்னார், அதற்கு முழு விலையும் கொடுத்தார். முகுருசாவைக் கேட்கிறவர்கள் அவரையும் தேடிக் கேட்க வேண்டும்.

தப்பித்த கவிஞரின் கதையையும் முடித்துவிடுகிறேன். சாரியோனாந்தியா முப்பது ஆண்டுகளுக்கு மேல் தலைமறைவாக இருந்தபடியே எழுதினார். பில்பாவோவில் இளமையில் பெர்னார்தோ அட்சாகாவோடு சேர்ந்து ‘பொட்’ இலக்கியக் குழுவை நடத்தியவர் அவர். 2011இல் அவருடைய கட்டுரை நூலுக்குப் பாஸ்க் அரசின் பரிசு அறிவிக்கப்பட்டபோது, தேடப்படும் ஆளுக்கு எப்படிப் பணம் கொடுப்பது என்று தொகையை நிறுத்திவைத்தார்கள். 2016இல் அவர் ஹவானா பல்கலைக்கழகத்தில் பாஸ்க் மொழி கற்பிக்க நியமிக்கப்பட்டார் என்ற செய்தியோடுதான் இருப்பிடமே வெளியே தெரிந்தது. 2021இல் ஊர் திரும்பினார். அதற்குள் எட்டா 2011இல் ஆயுதப் போராட்டத்தை நிறுத்தி, 2018இல் தன்னைக் கலைத்துக்கொண்டிருந்தது.

முகுருசாவிடம் திரும்புவோம். அவருடைய பாடல்களைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு என்பேன். 1991இல் நெகு கொரியாக் தன் முதல் தட்டுப் பாட்டின் பெயரிலேயே ‘எசான் ஒசென்கி’ என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. பாஸ்க் மொழியில் பாடுகிறவர்களை மட்டும் வெளியிடும் நிறுவனம். பத்தாண்டுகள் நடந்தது. துட் குழுவும் பாடகி அனாரியும் இன்னும் பல புதியவர்களும் அதன் வழியாக வந்தார்கள். அனாரியின் பாடல்களில் முழக்கமே கிடையாது. தனிமையும் இழப்பும் கசப்பான காதலும்தான். ஒரு மொழி பிழைத்திருப்பது கொடி பிடிக்கும் பாடல்களால் மட்டுமல்ல, யாரும் கேட்காத நள்ளிரவில் ஒருத்தி தனக்குத்தானே பாடிக்கொள்ளும் பாடல்களாலும்தான் என்பதை அந்த நிறுவனம் புரிந்துவைத்திருந்தது. தான் பாட விரும்பாத பாட்டுக்கும் இடம் கொடுத்த பெருந்தன்மை இது. பெரிய இசை நிறுவனங்களின் கதவைத் தட்டாமல், பதிவையும் அட்டையையும் விநியோகத்தையும் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

1997இல் துட் குழுவோடு சேர்ந்து ‘இரேகி அதேயாக்’ தட்டைச் செய்தபின் முகுருசா தனியாகப் பயணம் போனார். 1999இல் வந்த ‘பிரிகதிஸ்தாக் சவுண்ட் சிஸ்டம்’ ஐரோப்பிய, லத்தீன் அமெரிக்க நகரங்கள் பலவற்றில், அந்தந்த ஊர் இசைக்கலைஞர்களோடு சேர்ந்து பதிவானது. 1936இல் ஸ்பெயினைக் காக்க உலகின் பல மூலைகளிலிருந்து வந்த சர்வதேசப் படையணிகளின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. அன்று அவர்கள் இங்கே வந்தார்கள், இன்று நாம் அங்கே போவோம் என்பது போல. 2006இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்கே போய் ஒரு முழுத் தட்டைப் பதிவு செய்தார். மெட்டை இரவல் வாங்கிய மண்ணில் போய் நின்று அங்கிருப்பவர்களோடு வாசிப்பது ஒரு நன்றிக்கடன். அந்தத் தட்டில் அவருடைய குரல் தளர்ந்து இதமாக இருக்கிறது. பழைய உறுமல் இல்லை, எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஊரில் நிலைமை அப்படி இதமாக இல்லை. 2003 பிப்ரவரியில் ஸ்பானிய நீதிமன்றம் பாஸ்க் மொழியின் ஒரே நாளிதழான ‘எவுஸ்கால்துனோன் எகுன்காரியா’வை மூடியது. ஆசிரியர் மார்ட்செலோ ஒத்தமெந்தி காவலில் தன்னைச் சித்திரவதை செய்ததாகச் சொன்னார். ஏழு ஆண்டுகள் கழித்து 2010இல் எல்லோரையும் விடுதலை செய்தார்கள், குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று. பத்திரிகை திரும்பி வரவில்லை. அதே காலத்தில் முகுருசாவின் கச்சேரிகளும் ஸ்பெயினின் சில நகரங்களில் எதிர்ப்பால் ரத்தாயின.

பாட்டிலிருந்து படத்துக்கு அவர் போனதை நான் விலகலாகப் பார்க்கவில்லை. 2009இல் ஹாவியெர் கோர்குவேராவோடு சேர்ந்து எடுத்த ‘செக்பாயின்ட் ராக்’ பாலஸ்தீனப் பாடகர்களைப் பற்றிய ஆவணப்படம். லோத் நகரத்து ராப் குழுவான டாம், பாடகி அமல் முர்குஸ், ஊத் என்ற தந்திக்கருவியை வாசிக்கும் ஜுப்ரான் சகோதரர்கள் எல்லோரும் வருகிறார்கள். படத்தில் முகுருசா பெரும்பாலும் கேட்கிறவராக இருக்கிறார். ஆயிரக்கணக்கானவர்கள் முன் பாடிப் பழகிய ஒருவருக்கு அது சுலபமில்லை.

பிறகு அனிமேஷன். 1965இல் பாம்ப்லோனாவின் திருவிழா ராட்சத பொம்மைகளை நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ ஊர்வலத்துக்கு அழைத்தார்கள். ஆளுயரத்துக்கு மேல் எழும் அந்த மரபான அரசர் அரசி உருவங்களில் கறுப்பின இணையும் உண்டு. அந்த இரண்டை மட்டும் ஊர்வலத்தில் விடவில்லை. இந்தச் சிறிய உண்மையிலிருந்து முகுருசா, எழுத்தாளர் அர்காய்ட்ஸ் கானோ, ஓவியர் அல்தெரெதே மூவரும் ‘பிளாக் இஸ் பெல்ட்சா’ என்ற சித்திரக்கதையை 2014இல் உருவாக்கினார்கள். 2018இல் அது படமானது. பொம்மையோடு போன இளைஞன் மனெக்ஸ் ஊர் திரும்பாமல் பனிப்போர் உலகைச் சுற்றும் கதை. கதை கொஞ்சம் ஓடிக்கொண்டே இருக்கிறது, புரட்சிகளின் சுற்றுலா போலாகிவிடும் இடங்களும் உண்டு. 2022இல் வந்த இரண்டாம் படம் ‘ஐனோவா’ அதைவிட முதிர்ந்தது. மனெக்ஸின் மகள் கியூபாவில் வளர்ந்து 1988இல் பாஸ்க் நாட்டுக்கு வருகிறாள். அங்கே ஹெராயினில் சாகும் இளைஞர்களைப் பார்க்கிறாள். பெய்ரூட், காபூல், மார்சேய் என்று போதைப்பொருளின் பாதையைப் பின்தொடர்கிறாள். ஹெராயின் அரசின் திட்டமிட்ட சதி என்று அன்று பலரும் நம்பினார்கள். எட்டா அந்த நம்பிக்கையின் பேரில் போதை வியாபாரிகள் என்று தான் முடிவு கட்டியவர்களைக் கொன்றது. முழுச் சதிக்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள் வரலாற்றாளர்கள். படம் அந்த நம்பிக்கையை விட்டுவிடவில்லை. ஆனால் ஒரு தலைமுறையின் மேல் விழுந்த சாவை, தன்னோடு மேடையேறிய தோழர்களின் சாவை, முப்பது ஆண்டுகள் கழித்து முகுருசா கோஷமில்லாமல் அதில் பார்க்கிறார். அந்தத் துக்கம் எனக்கு நிஜமாகப்பட்டது.

தம்பி இன்யிகோ 2019இல் இறந்துபோனார். கோர்ட்டாட்டுவின் பேஸ் கிதாரும் நெகு கொரியாக்கின் பல மெட்டுகளும் அவருடையவை. அண்ணனைப் போல் அவர் பேட்டி கொடுத்து அதிர வைத்தவர் அல்லர். ஜோஷே ரிபியாவு என்ற குழுவில் ஊர்த் திருவிழா இசையைப் போல எளிதாக, வேடிக்கையாகப் பாடியவர். இரண்டு சகோதரர்களில் இசைஞானம் யாருக்கு அதிகம் என்று கேட்டால் நான் தம்பி என்றே சொல்வேன்.

2024இல் முகுருசா தன் நாற்பதாண்டுக் கால இசையை ஒரு நீண்ட பயணத்தொடராகக் கொண்டாடத் தொடங்கினார். பாஸ்க் மொழி தெரியாத ஊர்களிலும் அரங்கு நிறைந்தது. இவ்வளவு கொண்டாட்டத்துக்கும் நடுவில் ‘சாரி, சாரி’தான் எல்லோரும் கேட்பது. அவரைப் புதிதாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, அங்கே தொடங்காதீர்கள். ‘கொல்பெஸ் கொல்பெ’யில் தொடங்குங்கள், பிறகு ‘குரே யர்ரேரா’வுக்கு வாருங்கள். அந்த இரண்டாவதுதான் அவர் செய்தவற்றில் ஆகச் சிறந்த இசைத்தட்டு. ‘உஸ்தெல்கேரியா’ அதில்தான் இருக்கிறது.